ரோஸ்காவில் எத்தனை பொம்மை

7 ஜனவரி 2023

நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். ரோஸ்கா ரொட்டியில் ஒளிந்திருக்கும் விரல்நுனி அளவுப் பொம்மை மறுபடியும் என் துண்டில்தான். பல்லில் பட்டதும் எடுத்துத் தட்டில் வைத்தேன். ஒளித்துப் பழக்கமில்லை எனக்கு. மேசையில் என்னைத் தவிர ஏழு பேர். ஏழு பேரும் கைதட்டினார்கள். "இந்த வருஷமும் தமால் உங்க வீட்டுலதான் தோன்யா!" என்று பக்கத்து வீட்டு பாவ்ஸ்தோ கத்தினார்.

பொம்மை கிடைத்தவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோரையும் கூப்பிட்டுச் சோளமாவுத் தமால் அவித்துப் போட வேண்டும். போடுகிறேன். ஆனால் தொடர்ந்து நான்காவது வருடமாகவா?

வெட்டிப் பரிமாறுவது என் நாத்தனார் ஒத்தீலியா. வேறு யாரையும் கத்தியைத் தொட விடமாட்டாள்.

8 ஜனவரி

பூசையில் மனம் நிற்கவில்லை. எட்டில் ஒன்று. அதை நான்கு முறை பெருக்கினால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறில் ஒன்று. மடத்துப் பள்ளியில் சிஸ்டர் ஹசிந்தா சொல்லித் தந்த பெருக்கல் தப்பாது. இது தற்செயல் இல்லை.

என் துண்டை எடுக்கும்போது அவள் விரல் ஒரு நொடி தயங்கியதே—அடியில் தடவிப் பார்த்தாளோ?

10 ஜனவரி

அன்று மேசையில் இருந்த மருமகள் நயேலி வந்தாள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறாள். நாற்காலியில் நேராக உட்காரத் தெரியாது. கணக்கைக் காட்டினேன்.

"பெருக்கல் சரி அத்தை. தற்செயல் இல்லைன்னே வச்சுக்குவோம். செஞ்சது ஒத்தீலியா அத்தைன்னு இந்த நம்பர் எங்க சொல்லுது?"

"வேற யாரு வெட்டறா?"

"அதோட, எட்டுல ஒண்ணுன்னு எடுத்துட்டீங்க. உள்ள ஒரே பொம்மைதான்னு யார் சொன்னா?"

"வெளிய வர்றது ஒண்ணுதானே!"

"வெளிய வர்றது ஒண்ணு," என்று நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். இவளும் அந்தப் பக்கமா?

12 ஜனவரி

தொலைபேசியில் கேட்டேவிட்டேன். "என் துண்டு மட்டும் எப்படி ஒத்தீலியா உன் கத்திக்குத் தெரியுது?"

தட்டை ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என்னை மோசக்காரின்னா சொல்ற கூக்கா? அப்போ தமாலுக்கு நான் வரலை." வைத்துவிட்டாள்.

வராவிட்டால் போகட்டும்.

அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர், போன பிறகு என்னைச் செல்லமாகக் கூக்கா என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம். மற்ற எல்லோருக்கும் நான் மரியாதையாகத் தோன்யா ரெஃபூஹியோ. போகட்டும் என்றுதானே எழுதினேன்?

15 ஜனவரி

அதே கடையில் அதே அளவு ரோஸ்கா வாங்கினேன். கதவைத் தாழிட்டு, சமையலறையில் தனியாக நின்று பிய்த்தேன். ஒரு பொம்மை. சரிதான். இரண்டாவது. மூன்றாவது.

மூன்று!

16 ஜனவரி

ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பாள் நயேலி. இன்னொன்று வாங்கினேன். மூன்று. கடைக்காரியிடமே கேட்டேன். "இந்த அளவுக்கு எப்பவும் மூணுதான் தோன்யா. இத்தனை வருஷமா வாங்கறீங்க, தெரியாதா?"

அப்படியானால் மற்ற இரண்டும் எங்கே? யார் வாயில்? பாவ்ஸ்தோ கைக்குட்டையை வாயிலிருந்து எடுப்பதே இல்லை. என் மகன் தன் தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவுகிறான்—வேறு எந்த நாளாவது கழுவியிருக்கிறானா?

நயேலியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அப்போ எட்டுல மூணு அத்தை. நாலு வருஷமும் உங்களுக்கே வர்றது ஏறக்குறைய ஐம்பதுல ஒண்ணு. நடக்கக்கூடியதுதான். மத்தவங்களுக்கும் வருது, நீங்க மட்டும்தான் காட்டறீங்க."

"உனக்கு வந்திருக்கா?"

இணைப்பு அறுந்துவிட்டது. சிக்னல் இல்லையாம்.

17 ஜனவரி

ஒத்தீலியா தொலைபேசியை எடுக்கவில்லை.

24 ஜனவரி

எடுக்கவில்லை.

1 பிப்ரவரி

மாவு பிசைந்து மூடிவைத்துவிட்டு அவள் வீட்டுக்கே போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "உள்ள மூணு இருந்திருக்கு. என் கணக்கு தப்பு," என்றேன்.

பாதிக் கதவு வழியாகப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு காபிக் கோப்பையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். இரண்டு பொம்மைகள்.

"இந்த வருஷம் ஒண்ணு, போன வருஷம் ஒண்ணு. கன்னத்துல அடக்கிக்கிட்டேன். நான் தமால் அவிச்சா கல்லு மாதிரி இருக்கும், யாரு திம்பா?"

"அப்போ நான் உன்னைச் சந்தேகப்பட்டது சரிதானேடி!"

"ஆள் சரி. குத்தம் வேற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. மற்ற பாதிக் கதவையும் திறந்து, "நாளைக்குப் பச்சை மிளகா போட்டது உண்டா கூக்கா?" என்றாள்.

2 பிப்ரவரி

எட்டுப் பேர். ஒரு தமால்கூட மிஞ்சவில்லை.

6 ஜனவரி 2024

ஒத்தீலியாதான் வெட்டினாள். நானே வாங்கிய ரோஸ்கா, அதே கடை, அதே அளவு. எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். ஒருவர் தட்டிலும் ஒன்றுமில்லை.

"இந்தத் தடவை கடையில பொம்மை வைக்க மறந்துட்டாங்க போல," என்றார் பாவ்ஸ்தோ, கைக்குட்டைக்குள்ளிருந்து. நயேலி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே ஒத்தீலியா என்னையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன கூக்கா, ரொம்ப நேரமா ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன்.