பழைய ஸ்பிரிங்

முத்தாபுதுப்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஜய்க்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிய விஷயம். நீயும் ரேவதியும் காவ்யாக் குட்டியும் மஸ்கட்டில் கைகால் சுகத்தோடு இருக்க மாரியாத்தாளைக் கும்பிடுகிறேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் பேப்பரில் எழுதி, உன் தம்பி கிஷோரை விட்டே படம்பிடித்து அனுப்ப வைக்கிறேன். முழுசாகப் படி.

அவன் காருக்கு நீ அங்கிருந்து கேம் ஷாஃப்ட், அதுதான் எஞ்சின் வால்வைத் திறக்கிற தண்டு, அனுப்பினாயே, வண்டி பறக்கும் என்று, பறந்தது போ. அது வால்வைப் பழையதைவிட அதிகமாகத் திறக்கும், வேகத்தில் திரும்ப மூடப் பழைய ஸ்பிரிங்குக்குத் தெம்பு பத்தாது, ஸ்பிரிங்கையும் அதைப் பிடிக்கிற பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் அழகேசன் தொண்டை கிழியச் சொன்னார். இவன் உன்னைக் கேட்டான். நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் தாங்கும்டா, மாட்டு." சரி, எஞ்சினைக் கையாலாவது சுற்றி எங்கேயும் முட்டுகிறதா பார்க்கிறேன் என்று அவர் கெஞ்சினார். "ராவு காலம் பொறக்கப் போவுது, எலுமிச்சம்பயம் வெச்சாச்சு, நவுருய்யா" என்று சாவியைத் திருகிவிட்டான், பாவி.

நெமிலிச்சேரி தாண்டி ரிங் ரோட்டில் மிதித்தானாம். மூடாமல் நின்ற வால்வை பிஸ்டன் வந்து அறைந்து, அதன் தலை துண்டாகி உள்ளே விழுந்து, எஞ்சினையே குதறிவிட்டது. வண்டி நடுரோட்டில் செத்து நிற்க, பின்னால் வந்த லாரி இடித்து நசுக்கியது. கிஷோருக்கு இடது கை முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது, நான் பார்த்தேன்.

அதோடு விட்டானா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஒரு கையில் மாவுக்கட்டும் இன்னொரு கையில் இரும்புக் கம்பியுமாக ஷெட்டுக்குப் போய், "இன்னாத்தய்யா மாட்ன என் வண்டிக்கு" என்று கத்தி அழகேசன் மண்டையைப் பிளந்துவிட்டான். பின்னாலேயே ஓடிய நான் கம்பியைப் பிடுங்கி எறிந்து, அவன் கன்னம் வீங்க அறைந்தேன். நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் உனக்கும் விழுந்திருக்கும், சத்தியமாக.

ரத்தம் சட்டையெல்லாம் ஊற, துண்டைத் தலையில் அழுத்திக்கொண்டு அந்த மனுஷன் போலீஸ் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் கேட்டது இதுதான்: "யக்கா, பெரியவன் அவன் வண்டிலயும் இதே கேமுதான போட்டுகினு கீறான்? அதுல கொயந்த வேற போவுதே." அவருக்குத் தையல் போட வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நிமிஷமே காரை நிறுத்து. ஸ்பிரிங்கும் பூட்டும் புதிது போட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் பார்க்காதே. அதுவரை பேத்தி பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகட்டும். வெயிலில் மோர் குடி. மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் அழகேசனுக்குப் பண்ணு. தலையில் தையலோடு உன் போனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா
கமலம்