நீலம் பிடித்த கல்

என் கல்தட்டிக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். முன்பல் விழுந்ததிலிருந்து அவள் வாயை மூடுவதே இல்லை. உங்கள் நலத்தைச் சாவகாசமாக விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை கிடையாது. முதலில் விஷயம்: நீங்கள் சொன்னதுதான் சரி! அந்தக் கல் ஃபோனோலைட்டேதான்!

நேற்று ஆய்வுக்கூட அலமாரியை ஒழித்தபோது நீங்கள் அனுப்பிய அந்தச் சாம்பல் நிற எரிமலைக்கல் கையில் அகப்பட்டது. சும்மா தட்டினேன். ஃபோனோலைட் மணிபோல் ஒலிக்கும் என்பீர்களே, அப்படியே கிண்ணென்றது. மனசு கேட்கவில்லை. புதிதாக ஒரு சீவல் அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியில் பாதிக் கனம் வரும்வரை தேய்த்தேன். அதன்மேல் ஒரு சொட்டு அமிலம், கழுவிவிட்டு ஒரு சொட்டு நீலச் சாயம். ஃபெல்ட்ஸ்பாரில் அந்தச் சாயம் ஒட்டாது, ஃபோனோலைட்டுக்கே அடையாளமான நெஃபலின் தாது இருந்தால் பிடித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால், ஐயோ, எங்கே பார்த்தாலும் நீலப் பொட்டு! கத்தியே விட்டேன்.

தலைமை அதிகாரி ஓடி வந்தார். "தட்டிப் பாத்துப் பேரு வைக்க நாம என்ன பானையா வாங்குறோம்?" என்று கூட்டத்தில் உங்களைக் கேட்டாரே, அவரேதான். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "அவரு காது நம்ம கண்ணவிடத் தேவலாம்" என்றார். நெஃபலின் இல்லாத டிராக்கைட் என்று எழுதிய அறிக்கையைத் திருத்தி, நீங்கள் சொன்ன பெயரையே போடச் சொல்லிவிட்டார்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு முன் அவர் பார்த்த பழைய சீவலையும் தேடி எடுத்து அளந்தேன். இரண்டு மடங்கு கனம். அந்தக் கனத்தில் நெஃபலினும் ஃபெல்ட்ஸ்பார் மாதிரி வெளுத்துத்தான் தெரியும். அதைத் தேய்த்தவள் நான். மூன்று மாதக் களவேலைக்குப் பிறகு நீங்கள் விடுப்பில் வந்த நாள் அது. நீங்கள் வரும் நாலு மணிப் பேருந்துக்கு நிறுத்தத்தில் நிற்கவேண்டுமென்று அரைகுறையாகத் தேய்த்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். அந்த அவசரம்தான் உங்களைத் தலைகுனிய வைத்து, எட்டு மாதமாகத் தொலைதூர முகாமில் உட்காரவும் வைத்திருக்கிறது.

அதிகாரியிடமும் ஒப்புக்கொண்டேன். நன்றாகத் திட்டினார். நீங்களும் திட்டுங்கள். ஆனால் தபாலில் வேண்டாம், நேரில் வந்து திட்டுங்கள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வர்றது" என்று இனி நீங்கள் எழுத முடியாது. அந்த வெட்கம் இப்போது என்னுடையது.

இனிமேல் ஒழுங்காகத் தேய்ப்பேன், சத்தியம். நீங்கள் வரும் நாளில் மட்டும் என்னிடம் ஒரு கல்லும் தரவேண்டாமென்று அதிகாரியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். எந்த நாள் என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

உங்கள்
அவசரக்காரி