பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

சின்னவளின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

நெஞ்சுக்கு மாத்திரை ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் தினமும் நடக்கச் சொன்னார்கள். கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குபவர் கைக்கடிகாரம் இரவல் தந்தார். அவர் நடந்தால் நாடித்துடிப்பு நூற்றிருபது காட்டுமாம். எனக்கு எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. விடுவேனா, ஓடினேன். தலைசுற்றிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், பயப்படாதே.

நர்ஸம்மாதான் திட்டினார்: "அந்த மாத்திரையே துடிப்ப அடக்கி வைக்கத்தான். நம்பரப் பாத்து ஓடாதீங்க. பேசிக்கிட்டே நடக்க முடியுதா, அதான் உங்களுக்கு அளவு. பேச முடியலன்னா நின்னுடுங்க."

பேச ஆள்? என்னை ஊமைக்கோட்டான் என்பாயே, இப்போது தெருவில் தனியாக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறேன். நீ எதிர்த்துப் பேசாததால் தினமும் நானே ஜெயிக்கிறேன். அலுத்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு நடக்கக் கிளம்புவேன், அப்போது போன் செய். விஷயம் வேண்டாம், திட்டினாலும் போதும். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் ஊமைக்கோட்டான்