ஹால்வின் கடிகாரத்தில் ஒரு தப்புத் துளை

ஆல்டன் கிரீக், இல்லினாய்
4 மார்ச் 1974

அன்புத் தம்பி ரோமனுக்கு,

இங்கே நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? கிளீவ்லாந்தில் பெரிய ஆபீஸில் போய் உட்கார்ந்ததிலிருந்து அக்காவுக்கு நாலு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் போன் வருகிறது!

நீ கேட்ட அலாரம் கடிகாரம் இந்தப் பார்சலில் இருக்கிறது. "புது மாதிரிதான் வேணும்க்கா, அதுவும் நீ கையால பூட்டினது" என்றாயே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்கு வராத மாதிரியைத் தொழிற்சாலைக்கு வெளியே எடுத்துப்போனால் வேலை போய்விடும். சாப்பாட்டு டப்பாவில் மறைத்துக் கொண்டுவந்தேன். கழித்துப் போட்டதுதான். பின்தகட்டில் என்னோடு வேலை செய்கிற பெர்னிஸ் துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டாள், பக்கத்தில் சரியாக இன்னொன்று போட்டுப் பூட்டினோம். ஓட்டத்தில் குறையில்லை. முகப்பில் ஹால்வின் என்று உங்கள் மலிவுக் கடைப் பெயர். பெற்றது நாங்கள், பெயர் மட்டும் உங்களுடையது!

ஒரு விஷயம். ஹால்வின் இனி எங்களிடம் வாங்காது என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. கடிகாரம் பூட்டுகிற எங்கள் பெஞ்சில் பத்தொன்பது பெண்கள், உங்கள் கடிகாரத்தை விட்டால் வேறு வேலை இல்லை. டெலிபோன் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், மாதக் கடைசிவரைதான். போய்ச் சேர்ந்துவிடட்டுமா? கடைக்குக் கடிகாரம் வாங்குகிறவனே நீ. உனக்குத் தெரியாததா?

உன் அக்கா,
தெக்லா


கிளீவ்லாந்து
15 மார்ச் 1974

அன்புள்ள அக்கா,

கடிகாரம் பத்திரமாக வந்தது. தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் போர்வையை உருவிவிட்டு ஒரு சத்தம் போடுவாயே, அதே மாதிரி கத்துகிறது.

டெலிபோன் ஆபீஸ் பேச்சையே விடு. நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை உங்கள் பெஞ்சை யாரும் அசைக்க முடியாது. புது மாதிரி முழுவதும் உங்களுக்குத்தான். மற்றவர்களிடமும் சொல், அவசரப்பட்டு யாரும் போக வேண்டாம். பழகின கைகள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

அன்புடன்,
ரோமன்


ஆல்டன் கிரீக்
9 செப்டம்பர் 1974

ரோமன்,

வெள்ளிக்கிழமை எங்கள் பெஞ்சை மூடிவிட்டார்கள்.

நேற்று இந்த ஊர் ஹால்வினுக்குப் போனேன். எங்கள் புது மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. அதே முகம், அதே முட்கள். அடியில் மட்டும் ஹாங்காங் என்று இருந்தது. ஒன்று வாங்கிப்போய் பெர்னிஸ் வீட்டுச் சமையல் மேசையில் வைத்துக் கழற்றினோம்.

"தெக்லா, இது என் துளைடி!" என்றாள்.

"உளறாத."

"நான் போட்ட தப்பு எனக்குத் தெரியாதா? நல்ல துளைக்கு இடப்பக்கம், லேசா மேல. நீயே பாரு!"

பார்த்தேன். அதில் திருகாணி இல்லை, ஒன்றுமில்லை. எதற்கோ வேண்டும்போல என்று நம்பி, அங்கே யாரோ ஒவ்வொரு தகட்டிலும் கவனமாகப் போட்டிருக்கிறார்கள், பாவம். அந்தத் துளையோடு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு கடிகாரம். அதை உனக்குத்தான் அனுப்பினேன்.

பெர்னிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்படிடி அங்க போச்சு?" என்றாள். உன் கடிதத்தை பெஞ்சில் உரக்கப் படித்துக் காட்டியவள் நான். "என் தம்பி இருக்கான், பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, டெலிபோன் ஆபீஸுக்குப் போக இருந்த பதினொரு பேரைப் பிடித்து நிறுத்தியவளும் நான். இப்போது அங்கே இடம் இல்லை. மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

கூடவே பிறந்து குழி பறித்துவிட்டாயடா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் அந்தக் கடிதத்தை எழுதும்போதே உனக்குத் தெரியுமா?

தெக்லா


கிளீவ்லாந்து
16 டிசம்பர் 1974

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாக எழுதக் கை வரவில்லை. தெரியும், அக்கா. எழுதும்போதே தெரியும்.

ஹாங்காங் சரக்கு வந்து சேரும்வரை உங்கள் பெஞ்ச் நிற்கக் கூடாது என்று மேலே சொன்னார்கள். அங்கே பார்த்துச் செய்ய உன்னிடம் கடிகாரத்தைக் கேட்கச் சொன்னதும் அவர்கள்தான். மாட்டேன் என்றிருந்தால் அன்றைக்கே என் நாற்காலி போயிருக்கும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வியாபாரம் அக்கா, உன்மேல் எனக்கு என்ன கோபம்?

வீட்டில் ஒடித்துப் பகிர்ந்துகொள்வோமே, காகிதம் போல மெல்லிய கிறிஸ்துமஸ் அப்பம், அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அம்மா செய்வது போல ஒடித்து, என் பாதியை எடுத்துக்கொண்டேன். உன் பாதியை நீ சாப்பிடு. சாப்பிட்டேன் என்று ஒரு வரி எழுது, அது போதும்.

ரோமன்


ஆல்டன் கிரீக்
22 டிசம்பர் 1974

ரோமன்,

கேட்டதற்கு உண்மையைச் சொன்னாய். நானும் சொல்லிவிட்டேன். இன்று பூசை முடிந்ததும் பெஞ்சுக்காரிகள் எல்லோரையும் வாசலில் நிறுத்தி, கடிகாரத்தை டப்பாவில் எடுத்துவந்து உன்னிடம் சேர்த்தவள் நானே என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெர்னிஸ் மட்டும், "நீ எங்களுக்காக அவன்கிட்ட பேசுறேன்னு நெனச்சோம்டி. அவனுக்காக எங்ககிட்ட பேசியிருக்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனதில் ஒருவரை மன்னிக்காமல் அதை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம் இருவரையும் வளர்த்தார்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. பொய்யாகச் சாப்பிட எனக்குத் தெரியாது.

வழியில் உடைந்துவிடாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். இந்தப் பாதியையும் நீயே சாப்பிட்டுக்கொள்.

தெக்லா நோவிட்ஸ்கி