இன், ஆன், அட், கனகலட்சுமி

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கு மூன்று சிவப்புப் புள்ளி. லாட்ஜில் சாவி மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வந்து போகிற அத்தனை பேர் கண்ணிலும் படுகிற மாதிரி கனகலட்சுமி ஒரு வெள்ளைப் பலகை தொங்கவிட்டிருக்கிறாள். அதில் ‘ஜோதிகா’ என்று என் பெயர். நான் இங்கிலீஷில் ஒரு தப்பு விட்டால் பெயருக்கு நேரே ஒரு புள்ளி.

‘ஐ ஆம் இன் தி கவுண்டர்’ என்று போனில் சொன்னேனாம். ‘‘கவுண்டருக்குள்ள புகுந்தா உக்காந்திருக்க? அட் தி கவுண்டர்!’’ என்றாள். எதிரில் பீகார்க் குடும்பம் ஒன்று நின்றது. அவர்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள்.

கனகலட்சுமி. லாட்ஜ் முதலாளியின் மருமகள், எங்கள் மேனேஜர். வாயால் மேடம் என்பேன். இது என் நோட்டு, இங்கே மேடம் கிடையாது.

செப்டம்பர் 5, வெள்ளி

‘இன் செகண்ட் ஃப்ளோர்’ — புள்ளி. ‘இன் சண்டே’ — புள்ளி. சரி, எல்லாம் ‘ஆன்’தான் போல என்று ‘ஆன் நைட்’ என்றேன். அதற்கும் புள்ளி.

மாடியில, ஞாயித்துக்கெழமையில, ராத்திரியில. எங்கள் அம்மா ஒரே ஒரு ‘ல’வை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டாள். இவர்களுக்கு மட்டும் மாடிக்கும் கிழமைக்கும் ஒன்று, ராத்திரிக்கு வேறொன்று. ஏன் என்று கேட்டால் ‘‘அது அப்படித்தான்’’ என்கிறாள். அப்படித்தான் என்றால் என்ன? அவளும் மனப்பாடம் செய்தவள்தான். காரணம் அவளுக்கும் தெரியாது.

செப்டம்பர் 8, திங்கள்

புதுச் சட்டம். அறையைக் காலி செய்து போகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும்: ‘தேங்க் யூ ஃபார் ஸ்டேயிங் வித் அஸ். ப்ளீஸ் கம் அகெய்ன்.’ தமிழ் ஆட்களானாலும் இங்கிலீஷ்தான். அப்போதுதான் ஆன்லைனில் நட்சத்திரம் கூடுமாம். வருகிற மகாளய அமாவாசைக்குள் தப்பில்லாமல் சொல்ல வரவில்லையென்றால் நான் மொட்டை மாடிக்குப் போய் பெட்ஷீட் துவைக்க வேண்டும்.

‘‘பிச்சையம்மாளுக்கும் கூட ஒரு ஆள் வேணும்ல’’ என்றாள். பிச்சையம்மாள் அக்கா பதினோரு வருஷமாக மாடியில் துவைக்கிறவர்.

துவைப்பது கேவலம் இல்லை. ஆனால் அம்மா ஆர்.எஸ்.மங்கலத்தில் கூலிக்குப் போகிற வயலிலெல்லாம் ‘‘எம்மக ராமேஸ்வரத்துல ஏசி ரூம்ல உக்காந்து இங்கிலீசு பேசுறா’’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு இருக்கிறது அந்த ஒரு பெருமைதான். அதில் கை வைக்க இவள் யார்?

செப்டம்பர் 10, புதன்

‘ஸ்டேயிங் இன் அஸ்’ என்று வந்துவிட்டது.

‘‘ஏன், ஒன் வயித்துக்குள்ளயா தங்குனாங்க?’’

வாசலில் நின்ற ஆட்டோ சலாஹுதீன் அண்ணனும் சிரித்தார். இனி அவரோடு பேச்சில்லை.

செப்டம்பர் 13, சனி

வித், வித், வித். குளிக்கும்போது வித். பஸ்சில் வரும்போது வித். நாசமாய்ப் போக.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று ஒரு புள்ளிகூட இல்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பன்னிரண்டாம் நம்பர் அறை காலி செய்தார்கள். திருப்பூர்க்காரர்கள், ஒரு அம்மாவும் அவருடைய தம்பியும். காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்த ஈரத் தலையோடு அந்தம்மா கையெழுத்துப் போட்டார். என் முதுகுக்குப் பின்னால் கனகலட்சுமி, கையில் சிவப்புப் பேனா.

சொன்னேன். ஒரே மூச்சில், எங்கேயும் தட்டாமல். ‘தேங்க் யூ ஃபார் ஸ்டேயிங் வித் அஸ், மேடம். ப்ளீஸ் கம் அகெய்ன்.’

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோபம்கூடப் படவில்லை.

‘‘மறுக்கா வர்றதுக்கு எனக்கு இன்னொரு பையன் இல்ல கண்ணு’’ என்றார்.

தம்பி அவர் கையைப் பிடித்து ஆட்டோவுக்குக் கூட்டிப்போனார்.

‘‘குட். ‘வித்’ கரெக்டா வந்துச்சு’’ என்றாள் கனகலட்சுமி.

அதே நாள், சாயங்காலம்

எங்கள் பக்கம் துக்க வீட்டில் யாரும் யாரையும் ‘வாங்க’ என்று கூப்பிடுவதில்லை. கிளம்பும்போது ‘வாரேன்’ என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. எழுந்து போய்க்கொண்டே இருப்போம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அஸ்தி கரைக்க வந்தவரிடம் போய் மறுபடி வாங்க என்று —

எனக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை சாவி கொடுத்தது நான்தானே. சிவப்புத் துணி கட்டிய கலயத்தை அந்தம்மா மடியோடு அணைத்து வைத்திருந்ததைப் பார்த்தேனே.

பழியைக் கனகலட்சுமி தலையில் போட்டுவிட்டுத் தூங்கலாம். அவளும் எங்கள் பக்கத்து உத்தரகோசமங்கைக்காரிதான், அவளுக்கும் தெரியும். ஆனால் சொன்ன வாய் என்னுடையது. சொல்லும்போது நான் அந்தம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி இவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். பாத்தியாடி, எப்படி வந்துச்சுன்னு பாத்தியா. அதுதான் என் மனசில் இருந்தது. தூ.

செப்டம்பர் 20, சனி

திதி கொடுத்துவிட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம். நான் கையைக் கூப்பினேன், அவ்வளவுதான்.

‘‘வாயில என்ன கொழுக்கட்டையா?’’

‘‘இங்க பாதிப்பேரு கருமத்துக்கு வாரவங்க, மேடம். அவங்கள மறுபடி வரச் சொல்லக் கூடாது. ஒங்களுக்குத் தெரியாதா?’’

‘‘லாட்ஜுக்கு ஏதுடி துக்கம்? சொல்லு. இல்லன்னா மாடிக்குப் போ.’’

போனேன்.  வீரம் ஒன்றும் இல்லை, படியேறும்போதெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற பயம்.

செப்டம்பர் 21, ஞாயிறு. அமாவாசை

அறுபத்து நாலு பெட்ஷீட். கையெல்லாம் எரிகிறது. எழுத முடியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மத்தியானம் அம்மா போன் செய்தாள். ‘‘என்ன ஆத்தா, இன்னைக்கு யாருகிட்ட இங்கிலீசு பேசுன?’’

மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. மாடிக்கு அனுப்பியதிலிருந்து ஆரம்பித்து, பன்னிரண்டாம் நம்பர் அறை, கலயம், நான் சொன்னது, அந்தம்மா சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அழுவாள், கனகலட்சுமிக்கு மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் சொன்னேனோ என்னவோ.

கவுண்டர் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

‘‘பெத்த புள்ளயக் கரைச்சிட்டு வந்து நின்னுருக்கா. அந்தம்மா ஏதும் சாப்பிட்டுச்சா?’’

தெரியாது என்றேன்.

‘‘தண்ணியாச்சும் வேணுமான்னு கேட்டியா?’’

‘‘கேக்கலம்மா.’’

அம்மா போனை வைத்துவிட்டாள்.