உன்ற கொரல் கேட்ட பெட்டி

சாமியாத்தா அம்மணிக்கு, சென்னையிலிருந்து நாச்சிமுத்து சொல்லச் சொல்ல டிரைவர் அமிர்தநாதன் எழுதறது. நான் சொகம். நீயும் எருமையும் சொகமா? போன்ல சொல்ல வாய் வரல, அதனால காயிதம்.

நான் வேல பாக்கற ஊட்டுக்கார அம்மா, நம்ம பொள்ளாச்சி பிரவீனாம்மா, ஊட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனாங்க. பெட்டி தூக்க நானும் போனேன். "நல்லாப் பழகுன கொரலப் போட்டாத்தானுங்க எந்தப் பெட்டி நெசம் பேசுதுன்னு தெரியும்"னான் கடைக்காரன். அம்மா என்ற போன வாங்கி, நீ பேசி அனுப்புனதப் போட்டுட்டாங்க.

மொதப் பெட்டில நீ குடத்துக்குள்ள இருந்து பேசுனாப்ல இருந்துச்சு. ரெண்டாவதுல என்ற பக்கத்துலயே நின்ன. "ஏனுங்க, ஒருக்கா வந்துபோட்டுப் போங்க. ஒத்தையில கஞ்சி எறங்க மாட்டேங்குது"ன்ன. கடையே சிரிச்சுது. "தாத்தனுக்கு இன்னும் கிராக்கிதான்"னான் ஒருத்தன். ஆனா பேச்சுக்கு நடுவுல உன்ற நெஞ்சு இழுக்கறது எனக்குக் கேட்டுச்சு. போன்ல ஒருநாளும் அது கேட்டதில்ல.

"எதுல ஆத்தா கொரல் அப்படியே இருக்குதுங்க தாத்தா?"ன்னாங்க அம்மா. வெக்கத்துல, பேச்ச நிறுத்துனாப் போதும்னு மொதப் பெட்டியக் காட்டிப்போட்டேன். அதையே வாங்கிட்டாங்க. இப்ப ஹால்ல அது பாடறப்பெல்லாம் எனக்குத் தல நிமிரல. உன்னய நீயில்லன்னு சொன்ன மாதிரி இருக்குது.

இதப் படிச்சுக் காட்டற பக்கத்து ஊட்டு டீனாவையே கூட்டிட்டு மறுநாளே அன்னூர் டாக்டருகிட்டப் போ. இழுப்ப மறைக்காத. கொஞ்சம் வடகம் போட்டு வையி. அம்மாகிட்ட பெட்டிய மாத்திக் காட்டுன நெசத்தச் சொல்லித்தான் லீவு கேக்கப் போறேன்.

அமிர்தநாதனுக்கு வண்டி எடுக்கோணுமாம். சனிக்கெழம கஞ்சி ரெண்டாளுக்கு வையி. வாரேன்.