பலகையில் பாதிக் கணக்கு

12-11-76, வெள்ளி. தூறல்.

என் கணக்கைக் காட்டி என் மருமகன் மருதைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். பிள்ளை இல்லை. முகாம் படிவத்தில் 'பிள்ளைகள்: 2'.

படிப்பகப் பலகையில் வெள்ளிதோறும் ஏதாவது எழுதுவேன். போன வெள்ளி ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் கணக்கு. சோறு 1, 2, 3, 4 என்று கூடும். வாய் 1, 2, 4, 8 என்று பெருகும். பலகை நிறைந்துவிட்டது. மறுபாதி இன்றைக்கு என்று விட்டேன். அதற்குள் முகாம் ஆபீஸர் அதைத் தட்டியில் எழுதவைத்து, அடியில் என் பெயரும் போட்டு, ஞாயிறன்று விக்கிரமங்கலம் முகாம் பந்தலில் கட்டிவிட்டார்.

13, சனி. மழை இல்லை.

மகள் செல்லம்மாள் வீடு. மருதை எழுந்து நின்றான். மாமனார் முன் உட்கார மாட்டான், எதுவும் கேட்கவும் மாட்டான். கதவைப் பார்த்துச் சொன்னான்: "மாமா பேரு போட்டிருந்துச்சு. நேர்ல சொல்லக் கூசிக்கிட்டு எழுதி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

செல்லம்மாள்: "ஒங்க கணக்குல பொறக்காத எம்புள்ள எந்த எண்ணுப்பா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வரும் வழியில் வெல்லம் வாங்க மறந்தேன்.

15, திங்கள். வெயில்.

ஆபீஸர்: "கணக்கு ஒங்களதுதானே பெரியவரே? அருமையா எழுதியிருந்தீங்க."

பாதிதான் என்றேன். மறுபாதி: பாதிரியார் கணக்கைப் படித்த இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவர் கேட்டது வேறு. பிறப்பதில் பெரும்பாலும் சாகிறதே, தப்புவது எது? ஒன்றுபோல் ஒன்று பிறப்பதில்லை. பிழைக்க உதவும் சிறு வேறுபாடு தப்பும், குட்டிக்கும் போகும், நாளடைவில் இனமே மாறும். யாரை அறுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை என்றேன்.

"இதெல்லாம் தட்டியில கொள்ளாதுங்க." ஜீப்பில் ஏறிவிட்டார்.

டீக்கடையில் ஒருவன்: "ஊருக்குக் கணக்கு சொன்னாரு, வூட்டுல கழிச்சிட்டாரு." சிரிப்பு. பாதி டீயோடு எழுந்தேன்.

முந்திரி மரத்தடி. ஆடியில் எண்ணியபோது முளைத்திருந்த கன்று 41. இன்று 3. செத்த 38ஐ இதுவரை வெறும் எண்ணாகத்தான் எழுதி வந்திருக்கிறேன்.

16, செவ்வாய். மறுபடி தூறல். இனி யார் என்ன செய்ய வேண்டும்:

ஆபீஸர்: இல்லாத இரண்டு பிள்ளைகளைப் படிவத்தில் அடித்து, கையெழுத்துப் போட வேண்டும். தட்டியிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டும். எடுக்கும்வரை தினமும் அவர் வாசலில் நிற்பேன்.

திருச்சி டாக்டர்: அறுத்ததைச் சேர்க்க முடியுமா, முடியாதா, மழுப்பாமல் சொல்ல வேண்டும். வியாழன் முதல் பஸ்.

நான்: மறுபாதியைப் பலகையில் எழுத வேண்டும். பாதியோடு விட்டது நான் என்றும் எழுத வேண்டும்.

மருதை: என் எதிரே உட்கார வேண்டும். உட்கார் என்று நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.